துபாசிக்கும் ஒற்றனுக்கும் நடுவே ஒரு வாத்தியார்

(சாந்தோமில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை அதிகம் திருத்தப்படாமல் அச்சாகிறது.)



கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? தலையாட்டுகிறீர்கள், நல்லது. கேட்காவிட்டாலும் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவேன். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை இது.

போர்க்காலத்தில் மொழி தெரிந்தவனுக்கு என்ன வேலை என்று பேசச் சொன்னார்கள். எடுத்தவுடன் இரண்டாம் உலகப் போர், ரகசியச் சங்கேதம், ஒட்டுக்கேட்பு என்று போய்விடலாம். ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் இடம் சாந்தோம். இந்தத் தெருக்களிலேயே சரக்கு இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு?

1701-இல் கர்நாடகத்து மொகலாயத் தளபதி தாவூத்கான் இங்கே சாந்தோமில் வந்து தங்கினான். வடக்கே ஆங்கிலேயர் கோட்டையில் கவர்னர் தாமஸ் பிட்டுக்குத் தூக்கம் போயிற்று. வந்தவன் விருந்தாளியா, வேட்டைக்காரனா என்று தெரியவேண்டும். யாரை அனுப்புவது? கோட்டையில் நல்ல பாரசீகம் பேசக்கூடிய வெள்ளைக்காரர் அபூர்வம். கடைசியில் மனுச்சி என்ற வெனிஸ் நகரத்து வைத்தியரையும் ராமப்பா என்ற பிராமணரையும் சேர்த்துப் பரிசுப் பொருள்களோடு அனுப்பினார். மனுச்சி இளம் வயதில் டெல்லியில் தாரா ஷிகோவிடம் பீரங்கிக்காரராக இருந்தவர். பிறகு வைத்தியம், அரசவைப் பழக்கம் எல்லாம் அங்கேயே கற்றுக்கொண்டவர். பேச்சு சுமுகமாக முடிந்தது. முடிந்து என்ன? அடுத்த வருஷமே தாவூத்கான் திரும்பி வந்து கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டான். தூதன் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அனுப்பியவனுக்கும் வரவேற்றவனுக்கும் மனசில் ஒன்று இருந்தால் அதுதான் நடக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1746-இல் இதோ பக்கத்தில், அடையாற்று முகத்துவாரத்தில், க்விபிள் தீவு ஓரமாக ஒரு சண்டை. ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானிடம் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். எதிரே பாரடிஸ் என்ற சுவிஸ்காரர் தலைமையில் பிரெஞ்சுப் படை, ஆயிரம் பேர்கூட இல்லை. ஆற்றில் இறங்கி நடந்து வந்து சுட்டார்கள், நவாப் படை கலைந்தது. இந்தியச் சரித்திரப் பாடத்தில் இதற்கு ஒரு பத்தி கிடைக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பத்திக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நாள்களில் இந்தப் பக்கத்துச் செய்தி ஒவ்வொன்றும் புதுச்சேரியில் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை காதுக்குப் போய், அவர் வாய் வழியாகப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குப் போயிற்று. பிள்ளை சென்னையில் பிறந்தவர். ராத்திரி வீட்டுக்குப் போய்த் தமிழில் நாட்குறிப்பு எழுதினார், 1736 முதல். யார் என்ன சொன்னான், துரை முகம் எப்படி மாறியது, எந்தச் செய்தி பொய், எல்லாம் அதில் உண்டு.

துபாசி என்றால் இரண்டு பாஷைக்காரன், அவ்வளவுதான் பொருள். ஆனால் சென்னைப் பட்டணத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வாசனை. வியாபாரம் பேசுவான், கடன் வாங்கித் தருவான், துரைக்கு வீடு பார்ப்பான், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவான். ஹர்காரா என்று இன்னொரு ஆள் உண்டு. கடிதம் கொண்டுபோகும் ஓட்டக்காரன். போகிற வழியில் எதிரி முகாமில் எத்தனை அடுப்பு எரிகிறது என்றும் எண்ணிக்கொண்டு வருவான். வேண்டுமானால் அதே கணக்கை எதிரிக்கும் விற்பான்.

மயிலாப்பூர்க்காரர்கள் நம் ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாடும் வள்ளுவர் இதில் மிகவும் கறார். தூதுக்கு ஓர் அதிகாரம், ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம். ஒற்று 59, தூது 69. பத்து அதிகாரம் இடைவெளி விட்டிருக்கிறார். ஒருவன் வெளிச்சத்தில் போகிறவன், மற்றவன் இருட்டில் போகிறவன், இரண்டையும் குழப்பாதே என்று வைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். (உரைகாரர்கள் அப்படிச் சொல்லவில்லை, இது வாத்தியார் கற்பனை.) அந்தப் பத்து அதிகார இடைவெளியில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள்.

கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் சுவார்ட்ஸ். பிரஷ்ய நாட்டில் சொன்னன்பர்க் என்ற சிற்றூரில் 1726-இல் பிறந்தார். அந்த வருஷத்தை நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதே 1726-இல்தான் ஆர்மீனிய வியாபாரி கோஜா பெத்ருஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அதே வருஷம்தான் பெஞ்சமின் சூல்ட்சே என்ற பாதிரியார் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தார். இருபது வருஷம் கழித்து அந்தச் சூல்ட்சே ஊர் திரும்பி ஹாலே நகரத்தில் இருந்தபோது, அங்கே படிக்க வந்த சுவார்ட்ஸுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார். தமிழ் பைபிளை ஜெர்மனியிலேயே அச்சடிக்கலாம் என்று ஒரு யோசனை; மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டியிருந்தது. அச்சு வேலை நடக்கவில்லை. மெய்ப்புத் திருத்தக் கற்றுக்கொண்ட பையன் மட்டும் மிஞ்சினான்.

1750 ஜூலையில் பாதிரியாராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். நான்கு மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். அது பெரிய சாமர்த்தியமாகப் பேசப்படும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. வந்த புதிதில் பள்ளிக்கூடத்தின் மிகச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தினம் ஒரு மணி நேரம். அவர்களோடு சேர்ந்து தானும் திக்கித் திக்கிப் பேசக் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். ழகரம் வராத வெள்ளைக்கார வாத்தியாரைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளைகள் எப்படிச் சிரித்திருப்பார்கள்! மொழி கற்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பெரியவர்கள் மரியாதைக்காகப் பிழையை விட்டுவிடுவார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

பிறகு திருச்சிராப்பள்ளி. அங்கே நவாபின் ஆட்களோடு பேச ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். தஞ்சாவூர் அரண்மனைக்கு மராத்தி. படைவீரர்களுக்கு ஆங்கிலம், கடற்கரையில் பல பேருக்கும் போர்ச்சுகீசியம். தாய்மொழி ஜெர்மன். படித்த படிப்பு லத்தீன், கிரேக்கம், எபிரேயம். பட்டியல் போதும். இவர் மொழியை ஆராய்ந்து இலக்கணம் எழுதிய ரகம் இல்லை. எதிரே நிற்பவன் எதில் பேசுகிறானோ அதில் பேசவேண்டும், அவ்வளவுதான் அவர் நோக்கம்.

இப்போது 1779. பத்து வருஷத்துக்கு முன்பு மைசூர் ஐதர் அலி குதிரைப் படையோடு பரங்கிமலை வரை வந்து ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணிய வைத்து ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டு போயிருந்தார். யார் தாக்கினாலும் ஒருவருக்கொருவர் உதவவேண்டும் என்று அதில் இருந்தது. மராட்டியர் ஐதரைத் தாக்கினார்கள். கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1779 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மாஹேயைக் கம்பெனி பிடித்தது. மாஹே என் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஐதர் சொல்லியும் கேட்கவில்லை. கோபம் முற்றிக்கொண்டிருந்தது.

கவர்னர் சர் தாமஸ் ரம்போல்ட் சுவார்ட்ஸைச் சென்னைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஐதரிடம் போய், எங்களுக்குச் சமாதான எண்ணம்தான் என்று சொல்லி, அவருடைய எண்ணம் என்ன என்று அறிந்து வரவேண்டும். ரகசியமாக. உங்களுக்கு ஹிந்துஸ்தானி தெரியும், நடுவே துபாசி தேவையில்லை. லஞ்சம் வாங்கவும் மாட்டீர்கள், இதுதான் ரம்போல்ட் சொன்ன காரணம். அந்தக் காரணத்தைத் திருப்பிப் பாருங்கள். கோட்டைக்குள் மற்றவர்களைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் என்பது தெரியும். (சிரிப்பு.)

இன்னொரு கதையும் உண்டு. கம்பெனி வேறு யாரையும் அனுப்பவேண்டாம், அந்தக் கிறிஸ்தவரை அனுப்பு, அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று ஐதரே கேட்டாராம். புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. நன்றாக இருக்கிறது என்பதாலேயே எனக்குச் சந்தேகம்.

சுவார்ட்ஸ் யோசித்தார். ஒப்புக்கொண்டதற்கு அவர் எழுதிவைத்த காரணங்கள் மூன்று. இது சூழ்ச்சி வேலை இல்லை, ரத்தம் சிந்தாமல் தடுக்கும் வேலை. போகிற வழியில் தன் மதத்தைப் பேசலாம். கம்பெனி தனக்குச் செய்த உதவிகளுக்கு நன்றி. இந்த மூன்றாவதுதான் என்னை உறுத்தும். நன்றிக் கடன் இருக்கிறவனிடம்தான் இப்படிப்பட்ட வேலையைக் கொடுப்பார்கள்.

1779 ஜூலை தொடக்கத்தில் கிளம்பினார். கூட அவருடைய உபதேசியார் சத்தியநாதன். கரூர்தான் எல்லை, அங்கே காத்திருந்து அனுமதி வந்த பிறகு மேற்கே போய் மலை ஏறினார்கள். ஐதரின் தலைநகரான சீரங்கப்பட்டணம் சேர ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. வழியில் வாத்தியார் கண் சும்மா இருக்கவில்லை. மழையில் உடைந்த பாலத்தைப் பார்க்கிறார். ஆள்கள் உடனே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஐதர் சேதத்தை ஒரு நாளும் தள்ளிப்போடாமல் சரிசெய்கிறார், அதுவே சிக்கனம். கர்நாடகத்தில் ஐரோப்பியர்கள் எல்லாவற்றையும் பாழாக விடுகிறார்கள் என்ற பொருளில் குறித்துக்கொள்கிறார். ஒரு பாலம் பழுதுபார்ப்பதை வைத்து ஒரு ராஜ்யத்தின் பலத்தை எடை போட்டுவிட்டார் மனிதர். எந்த ஹர்காரா இப்படி ஓர் அறிக்கை தருவான்?

அரண்மனைக்குள் வருவோம். ஐதர் தன் பக்கத்திலேயே கம்பளத்தில் உட்காரச் சொன்னார். செருப்பைக் கழற்றவேண்டியதில்லை என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அரசர். தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும், அதையும் தலைகீழாக, கையெழுத்தாகப் போடுவாராம். ஆனால் கன்னடம், தெலுங்கு, மராத்தி, ஹிந்துஸ்தானி, தமிழ் ஐந்தும் சரளம். ஒரு பக்கம் எழுத்தில் தொடங்கி மொழி கற்ற பாதிரியார், மறுபக்கம் காது வழியே மட்டும் மொழி கற்ற ஐதர். இருவருக்கும் நடுவே துபாசி இல்லை. அந்தக் காலத்துக் கர்நாடகத்தில் இரண்டு பெரிய அதிகாரங்கள் இப்படி நேருக்கு நேர் பேசியது அபூர்வம்.

படிக்கத் தெரியாதவர் கடிதங்களை எப்படி நம்புவது? அதற்கு அவர் வைத்திருந்த ஏற்பாட்டைச் சுவார்ட்ஸ் பார்த்து எழுதியிருக்கிறார். கடிதம் வந்தால் வாசிக்கச் சொல்லிக் கேட்பார், உடனே பதில் சொல்வார். எழுதுகிறவன் எழுதி, படித்துக் காட்டுவான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டு அதே தாளைப் படிக்கச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போகவேண்டும், போகாவிட்டால் எழுதினவன் தலை போகும். சொன்னது வேறு, எழுதினது வேறு என்று ஆகாமல் பார்க்க இதைவிடக் கண்டிப்பான முறை வேறு கிடையாது. (வகுப்பில் டிக்டேஷன் திருத்த நானும் ஏறக்குறைய இதையே செய்தேன். தலை மட்டும் வாங்கவில்லை.) அதே குறிப்பில் சவுக்குக்காரர்களும் வருகிறார்கள். தப்புச் செய்தவன் வரி வசூலிக்கும் பெரிய மனிதனானாலும் குதிரைக்காரனானாலும் ஒரே சவுக்கு. அடி விழாத நாள் இல்லை. வியந்ததையும் நடுங்கியதையும் ஒரே நிதானத்தோடு எழுதுகிறார்.

கோட்டைக்கு வெளியே கூடாரம் கொடுத்தார்கள். ஐதர் படையில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு ஆராதனை நடத்தினார். தமிழர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத் தமிழில். எதிரியின் முகாம் என்று நாம் சொல்கிற இடத்தில் அவருக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை.

கடைசி மாலை. விடைபெறப் போகிறார். ஐதர் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைக்கிறார்: என் ஆட்களிடம் பாரசீகத்தில் பேசினீர்களாமே, என் முன்னால் பேசுங்கள், கேட்கவேண்டும். சுவார்ட்ஸ் பேசினார். தான் ஏன் வந்தேன் என்பதைப் பாரசீகத்தில் சொன்னார். ஐதர் வாத்தியாரைப் பரீட்சை வைக்கிறாரா, ரசிக்கிறாரா, அல்லது அவையில் இருந்த பெரியவர்கள் காதிலும் அந்த வார்த்தை விழவேண்டும் என்று நினைத்தாரா? எனக்கு மூன்றாவதுதான் படுகிறது. சாட்சிகள் முன்னால் சொல்லவைத்தால் பிறகு மாற்ற முடியாது.

பதில் இரண்டு விதமாக வந்தது. வாய்மொழியில், அவர்கள் சமாதானத்துக்குக் கை நீட்டினால் நான் என் கையை இழுத்துக்கொள்ளமாட்டேன் என்கிற மாதிரி ஒரு பேச்சு, அதோடு ஒரு நிபந்தனையின் வாடை. கவர்னருக்குக் கொடுத்த கடிதத்தில் வேறு குரல். பழைய உடன்படிக்கை, மாஹே, தன் எல்லைக்குள் படை நடத்தியது, ஒவ்வொன்றாகக் கணக்கெழுதி, இன்னும் நான் பழிவாங்கவில்லை, பரவாயில்லை என்று முடித்திருந்தார். அந்தப் ‘பரவாயில்லை’யைக் கவனியுங்கள். தமிழில் அப்பா கோபத்தில் ‘பரவாயில்லை விடு’ என்பாரே, அந்தத் தொனி. வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் புரியும், என்னவோ வரப்போகிறது என்று. கோட்டையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தார்கள்.

வழிச் செலவுக்கு என்று ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் மறுத்தார், மறுத்தால் அவமரியாதை என்றார்கள். சென்னைக்கு வந்ததும் பையைக் கொண்டுபோய்க் கவர்னர் சபையில் வைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைக்க அதை முதலாகப் போட்டார். ஐதர் அலியின் பணத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்!

1780 ஜூலையில் ஐதர் இறங்கினார். எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள். ஊர்கள் எரியும் புகை பரங்கிமலையிலிருந்து தெரிந்தது. செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அந்தச் சண்டைக்கு முந்தின நாள்களில் ஒரு சின்னச் சம்பவம். பெய்லிக்கு உதவியாகக் கர்னல் ஃப்ளெச்சர் ராத்திரியில் போகிறார். வழிகாட்டும் ஆள்கள் ஐதரிடம் பணம் வாங்கியிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டுப் பாதையை மாற்றிச் சேர்ந்தார். தன் கண், தன் காது எல்லாம் எதிரியின் சம்பளத்தில் இருக்கும் என்று பயந்துகொண்டே ஒரு படை நடக்கிறது. தளபதி ஹெக்டர் மன்ரோ கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாக ஓடிவந்து மர்மலாங்கில் மூச்சு வாங்கினார். அதே பாலம், அதே 1726.

ஐதர் கலாபம் என்று நம் பாட்டிமார் சொன்ன காலம் இது. தஞ்சாவூர்ச் சீமை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இங்கேதான் சுவார்ட்ஸின் இரண்டாவது வேலை வருகிறது. முதல் வேலையைவிட எனக்கு இதுதான் பெரிது. தஞ்சைக் கோட்டையில் தானியம் இல்லை. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருக்கிறவர்கள் தர மறுக்கிறார்கள். முன்பு கொண்டுவந்ததற்குக் காசே கொடுக்கவில்லை, ஏன் தருவார்கள்? ராஜா துளஜாஜி வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்: உங்களுக்கும் எனக்கும் நாணயம் போய்விட்டது, பாதிரியார் வார்த்தையை ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம். எல்லா அதிகாரமும் கொடுத்தார்கள். சுவார்ட்ஸ் ஊர்களுக்குச் சொல்லியனுப்பினார், என் கையால் காசு தருவேன் என்று. இரண்டே நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் ஏறியது. ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்து அனுப்பினார். பஞ்சம் வருகிறது என்று முன்பே கணித்து, விலை மலிவாக இருந்தபோது தானும் அரிசி வாங்கிப் போட்டிருந்தார். அதில் கஞ்சி ஊற்றினார். போர் ஓய்ந்த பிறகு ஊரைவிட்டு ஓடியிருந்த 7,000 குடிகள் அவர் சொல்லை நம்பித் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள்.

மூன்றாவது முறை 1783-இல் கூப்பிட்டார்கள். ஐதர் இறந்து அவர் மகன் திப்பு ஆண்டுகொண்டிருந்தார். சமாதானப் பேச்சுக்குப் போகிற கமிஷனர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கிழவர் கிளம்பி, வழியில் கர்னல் ஃபுல்லர்டனின் பாளையத்தைக் கடந்து, சத்தியமங்கலம் வரை போனார். திப்புவின் ஆள்கள் தடுத்துவிட்டார்கள். மேலே போக வழியில்லை, திரும்பி வந்தார். மங்களூர் உடன்படிக்கை 1784 மார்ச்சில் அவர் இல்லாமலேயே கையெழுத்தானது. தகப்பன் பாரசீகம் பேசவைத்துக் கேட்ட மனிதரை மகன் வாசலிலேயே நிறுத்தியதைத் திப்புவின் குறையாக நான் சொல்லமாட்டேன். 1779-இல் வந்தவர் சமாதானம் பேசினார். அவரை அனுப்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் திப்பு பார்த்திருக்கிறார். ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த முறை தூதனும் ஒற்றனாகத்தான் தெரிவான்.

இங்கே நண்பர் ஒருவர் முன்பே கேட்டார்: அப்படியானால் சுவார்ட்ஸ் ஒற்றர்தானே? அவர் எழுதிய குறிப்புகளில் பாலம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, தர்பார் முறை இருக்கிறது. ஆமாம், இருக்கிறது. ஆனால் ஒளிந்துகொண்டு பார்த்தது ஒன்றும் இல்லை. ஐதர் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியதைப் பார்த்தார். ரம்போல்ட் அனுப்பியது ஒற்று வேலைக்கு, ஐதர் வரவேற்றது தூதனாக, அவர் தன்னை நினைத்துக்கொண்டது வாத்தியாராக. இந்த மூன்றும் ஒரே ஆளுக்குள் சண்டை போட்டிருக்கவேண்டும். அவர் அதை விவரித்து எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தச் சொற்பொழிவு அரை மணி நேரம் குறைந்திருக்கும்.

அதன் பிறகு அவருக்குப் பள்ளிக்கூடம்தான் உலகம். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளி. கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 250 வராகன் தர ஒப்புக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவனைத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். அவர்தான் பின்னாளில் கவிராயரான வேதநாயக சாஸ்திரியார். துளஜாஜி தத்தெடுத்த சரபோஜிக்குப் பகை இருந்ததால், 1793-இல் பையனைப் பாதுகாப்பாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பிறகு தஞ்சாவூர் திரும்பி 1798 பிப்ரவரி 13-இல் இறந்தார். அதே வருஷம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். தன் குருவுக்கு இங்கிலாந்தில் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் பளிங்கில் நினைவுச்சின்னம் செய்யச் சொல்லித் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். படுக்கையில் கிழவர், கையைப் பிடித்துக்கொண்டு ராஜா, ஓரமாகப் பள்ளிப் பிள்ளைகள்.

இன்னொரு பளிங்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் கோட்டை. உள்ளே செயின்ட் மேரீஸ் தேவாலயம். கம்பெனி தன் செலவில் வைத்த சின்னம் அது. நீளமான கல்வெட்டு, பொறுமையாகப் படிக்கவேண்டும். நடுவில் ஐதர் அலி வருகிறார். போர் உச்சத்தில் இருந்தபோது தன் தளபதிகளுக்கு அவர் அனுப்பிய கட்டளை: அந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் விடுங்கள், மரியாதை காட்டுங்கள், அவர் என் அரசுக்குத் தீங்கு நினைப்பவர் இல்லை. கம்பெனியின் கோட்டைக்குள், கம்பெனியின் காசில், கம்பெனியின் எதிரி கொடுத்த சான்றிதழ். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.